பிக்சல் 9ஏ வாங்கலாமா, ஐபோன் 16இ அல்லது கேலக்ஸி ஏ56 பக்கம் போகலாமா?

கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம் இது: கையில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு போன், வேலை செய்வது விண்டோஸ் லேப்டாப்பில், புதுப் போன் ஐந்து வருடமாவது ஓட வேண்டும், பிறகு ஒரு ஸ்மார்ட் வாட்சும் வாங்கும் எண்ணம் உண்டு. இதற்கு என் பதில் பிக்சல் 9ஏ. வாட்ச் என்றால் ஆப்பிள் வாட்ச்தான் என்று மனதில் முடிவாகியிருந்தால் மட்டும் இந்தப் பதில் செல்லாது.

இந்த விலைப் பிரிவில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விலை உயர்ந்த மாடல் விற்க வேண்டும் என்பதற்காக எதையாவது குறைத்துத்தான் கொடுக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுதாமல் விட்டதைப் பாருங்கள்.

அந்த வகையில் கத்தரி அதிகம் விழுந்தது ஐபோன் 16இ மேல். திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறைதான் காட்சி புதுப்பிக்கப்படும். மற்ற இரண்டும் 120. பின்னால் ஒரே கேமரா, 48 மெகாபிக்சல். அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ராவைடு கேமரா இல்லாததால் சிறிய அறையில் பத்துப் பேரை ஒரே படத்தில் அடக்க முடியாது, மிக நெருக்கத்தில் படமெடுக்கும் மேக்ரோவும் கிடையாது. சார்ஜரைப் பின்பக்கம் ஒட்டவைக்கும் மேக்சேஃப் காந்தம் இல்லை. வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, ஆனால் 7.5 வாட்டோடு நின்றுவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் சிப் இல்லாததால் ஏர்டேக் (சாவி, பை தொலையாமல் இருக்க மாட்டும் ஆப்பிள் வில்லை) எந்தத் திசையில், எத்தனை அடி தூரத்தில் என்று அம்புக்குறி காட்டாது. ஒலி எழுப்பித்தான் தேட வேண்டும். இத்தனைக்கும் ஏ18 சிப் மட்டும் இந்த மூன்றிலேயே வெகுதூரம் முன்னால் நிற்கிறது. கனமான கேம், 4கே வீடியோ எடிட்டிங் என்று போனைக் கசக்குபவர்களுக்கு அதற்காகவே 16இ வாங்கலாம்.

பிக்சல் 9ஏயில் விட்டது கண்ணுக்கு எளிதில் தெரியாது. டென்சர் ஜி4 சிப் பெரிய பிக்சல் 9ல் இருப்பதுதான், ஆனால் நெட்வொர்க்கோடு பேசும் மோடம் பழைய எக்ஸினோஸ் 5300. ரேம் 8 ஜிபி என்பதால் போனுக்குள்ளேயே இயங்கும் கூகுளின் ஏஐ மாடலான ஜெமினி நேனோவின் சிறிய வடிவம்தான் இதில் வருகிறது. அதனால் ஸ்கிரீன்ஷாட்களைத் தேடித் தரும் செயலியும், அழைப்பைக் குறிப்பெடுத்துத் தரும் வசதியும் கிடையாது. செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பும் இல்லை, 16இயில் உண்டு. முன்பக்கக் கண்ணாடி கொரில்லா கிளாஸ் 3, அதாவது 2013ஆம் ஆண்டுத் தலைமுறை. ஏ56ல் இருப்பது அதைவிடப் புதிய, உறுதியான விக்டஸ் பிளஸ். 9ஏ வாங்கினால் முதல் நாளே ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிவிடுவது நல்லது. பின்பக்கம் பிளாஸ்டிக் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். கீழே விழுந்து உடையாத பின்பக்கம் எப்படிக் குறையாகும் என்று எனக்குப் புரிவதில்லை.

ஏ56ல் வயர்லெஸ் சார்ஜிங் அறவே இல்லை. வீடியோ 4கேயில் நொடிக்கு 30 பிரேம்தான். மற்ற இரண்டும் 60 தரும். மானிட்டரில் இணைத்துக் கணினிபோல் பயன்படுத்தும் டெக்ஸ் வசதியை சாம்சங் இதற்குக் கொடுக்கவில்லை. தண்ணீர்ப் பாதுகாப்பு ஐபி67, மற்றவை ஒரு படி மேலான ஐபி68. மூன்றாவது கேமராவாக இருக்கும் 5 மெகாபிக்சல் மேக்ரோ எண்ணிக்கைக்குத்தான். பதிலுக்கு 6.7 அங்குலப் பெரிய திரையும் 45 வாட் சார்ஜிங்கும் கிடைக்கின்றன.

சார்ஜிங் பற்றிப் பேசும்போது ஒன்று: மூன்றின் பெட்டியிலும் சார்ஜர் கிடையாது, வீட்டில் கிடக்கும் பழையது போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஏ56க்கு 45 வாட் கிடைக்க சார்ஜரில் பிபிஎஸ் (போனுக்கு ஏற்ப மின்னழுத்தத்தை மாற்றித் தரும் முறை) ஆதரவு வேண்டும், கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். 3 ஆம்பியர் கேபிள் போட்டால் 25 வாட் அளவில் நின்றுவிடும். போன் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். 9ஏ அதிகபட்சம் 23 வாட் என்பதால் அதற்குச் சாதாரண கேபிளே போதும்.

ஐந்து வருடம் ஓட வேண்டும் என்கிறீர்கள். 9ஏக்கு ஏழு வருடம், அதாவது 2032 வரை ஆண்ட்ராய்டும் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது. சாம்சங் ஏ56க்கு ஆறு வருடம். 16இ எத்தனை ஐஓஎஸ் பதிப்பு வாங்கும் என்று ஆப்பிள் முன்கூட்டியே எண் சொல்வதில்லை, ஆனால் 2019ல் வந்த ஐபோன் 11 கூட 2025ல் ஐஓஎஸ் 26 வாங்கியது. மென்பொருள் விஷயத்தில் மூன்றுமே தேறும். முதலில் களைப்பது பேட்டரிதான்.

இங்கே பிக்சல் வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 9ஏயில் ‘பேட்டரி ஹெல்த் அசிஸ்டன்ஸ்’ என்ற ஏற்பாட்டை அணைக்க முடியாது. 200 சார்ஜ் சைக்கிள் (ஒரு முழு சார்ஜ் தீர்ந்தால் ஒரு சைக்கிள்) ஆனதும் பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தை மெல்லக் குறைக்கத் தொடங்கி 1000 சைக்கிள் வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும். பேட்டரி வீங்காமல், சூடேறாமல் இருக்கவே இது. விளைவு, 5100 எம்ஏஎச் பேட்டரி வருடாவருடம் கொஞ்சம் சிறிதாகும். தினமும் ஒரு முழு சார்ஜ் தீர்ப்பவருக்கு 200 சைக்கிள் ஏழு மாதத்துக்குள் வந்துவிடும். ஆரம்பத்திலேயே பேட்டரி பெரிது என்பதால் இதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. ஆனாலும் மூன்றாம் வருடத்தில் ஒரு பேட்டரி மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். 16இக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு, 1000 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு.

இனி லேப்டாப். 16இ, ஏ56 இரண்டிலும் டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2 வேகம். 480 மெகாபிட் என்பது நடைமுறையில் நொடிக்கு 35, 40 மெகாபைட்தான். 100 ஜிபி வீடியோவை இறக்க முக்கால் மணி நேரம் ஆகும். 9ஏயில் யுஎஸ்பி 3.2 என்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதையே கேபிளில் இணைத்து விண்டோஸில் வெப்கேமராவாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐபோனின் அதே வசதி மேக்கில் மட்டும்தான். சாம்சங்கின் பலம் விண்டோஸ் போன் லிங்க். போனின் செயலிகளையே லேப்டாப் திரையில் திறந்து பயன்படுத்தலாம். பிக்சலில் அறிவிப்பு, எஸ்எம்எஸ், அழைப்பு, படங்கள் வரைதான்.

ஐபோனை விண்டோஸில் இணைத்துப் படங்களை நகலெடுக்கும்போது பாதியில் பிழை காட்டி நின்றால் கேபிளை மாற்றாதீர்கள். ஐபோன் அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், ‘மேக் அல்லது பிசிக்கு மாற்று’ என்பதன் கீழ் ‘ஒரிஜினல்களை வை’ என்று மாற்றுங்கள். நகலெடுக்கும்போதே ஐபோன் சேமிக்கும் ஹெச்இஐசி வடிவப் படங்களை ஜேபெக் ஆக்க முயல்வதால்தான் பெரும்பாலும் அந்தப் பிழை வருகிறது.

வாட்ச் விஷயம் கறாரானது. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும் பேசும். பிக்சல் வாட்சும், 2021 முதல் வந்த கேலக்ஸி வாட்ச்களும் ஆண்ட்ராய்டோடு மட்டும். அதிலும் கேலக்ஸி வாட்சை பிக்சலோடு இணைத்தால் இசிஜி, ரத்த அழுத்தம் இரண்டும் வேலை செய்யாது; அதற்கான செயலியை சாம்சங் தன் போன்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே போனையும் வாட்சையும் தனித்தனி முடிவாக எடுக்காதீர்கள். ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் இயர்போனாகப் பாடும், ஆனால் அதன் மென்பொருள் அப்டேட் ஆகாது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுவது ஒரு மாலை வேலை. ஐபோனுக்குப் போவதென்றால் வாட்ஸ்அப்தான் சிக்கல். கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப்பை ஐபோன் படிக்காது. பழைய போனில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைப் போட்டு, ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். அவசரப்பட்டு ஐபோனை அமைத்து முடித்துவிட்டால், மறுபடி முழுதாக அழித்துத்தான் அந்தக் கட்டத்துக்கு வர முடியும். இரண்டையும் சார்ஜரில் செருகி வையுங்கள். பழைய போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஐபோன் உருவாக்கும் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டு ஆண்ட்ராய்டு தானாக டேட்டாவுக்குத் தாவினால், மாற்றம் பாதியில் அறுந்துவிடும்.

எந்தப் போன் வாங்கினாலும் பழையதை ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருங்கள். வங்கிச் செயலிகளும் ஓடிபி உருவாக்கும் செயலிகளும் பேக்கப்பில் ஒழுங்காக வருவது அரிது, அவற்றைப் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். விற்கும் முன் அமைப்புகளுக்குள் போய் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள். பட்டன்களை அழுத்தி நேரடியாக ரீசெட் செய்தால், வாங்குபவர் போனைத் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும்.