ஒப்பரேசனுக்குப் பிறகு காலில் இரத்தக்கட்டி: கேள்வி பதில்

சத்திரசிகிச்சை விடுதிகளில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் வன்னி வாசகர்கள் கேட்டவை.

பரந்தன்: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி இரண்டு கிழமை. வயிற்றில் போடும் ஊசி இன்னும் மிச்சம் இருக்கிறது. இப்போது வோக்கர் பிடித்து நடக்கிறா. ஊசியை நிற்பாட்டலாமா?

வேண்டாம். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போய் வருவதைத்தான் நாங்கள் நடை என்கிறோம், அது போதாது. இடுப்பு மாற்றினவர்களுக்கு எனொக்சாபாரின் என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை வழமையாக 28 முதல் 35 நாள் வரை கொடுப்பார்கள். பலருக்குக் கட்டி உண்டாவதே வீட்டுக்கு வந்த பிறகுதான். துண்டில் எழுதிய கடைசி நாள் வரை போடுங்கள்.

நீங்களே போடுவதென்றால், தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியை நேராக இறக்குங்கள், மருந்து முழுக்கப் போகும்வரை பிடியை விடாதீர்கள். மருந்து நிரப்பி வரும் சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழ் இருக்கும். முழு ஊசியும் போடுவதென்றால் அதை வெளியேற்றத் தேவையில்லை, வெளியேற்றப் போனால் மருந்தும் சேர்ந்து சிந்தும். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். கொஞ்சம் நீலம் பாய்ந்தால் பயமில்லை. மலம் கறுத்தாலோ காயத்தில் இரத்தம் கசிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

புதுக்குடியிருப்பு: மாமாவுக்குக் குடலில் ஒப்பரேசன் செய்து மூன்று கிழமை. இடக்கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நோகிறது. நல்லெண்ணெய் போட்டு உருவினால் இறங்கும் என்கிறார்கள். செய்யலாமா?

ஐயோ, உருவக் கூடாது. நாளத்தில் கட்டி இருந்தால் அது பிய்ந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரலை அடைத்துவிடும். தையல் நாடாவை எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரண்டு காலையும் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் பலமானது. அளவு ஒத்திருந்தாலும் இந்த நோவுக்கு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், நாளத்தில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் டொப்ளர் ஸ்கான்தான் தீர்ப்புச் சொல்லும். திடீரென மூச்சு முட்டினால், மூச்சை இழுக்க நெஞ்சு குத்தினால், சளியில் இரத்தம் கண்டால் நாடாவைப் போட்டுவிட்டு 1990-க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வருபவர்களிடம் ஒப்பரேசன் நடந்ததை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் வாய்வுக் குத்து என்று போய்விடும்.

மாங்குளம்: தங்கச்சிக்கு சிசேரியன். தண்ணி குடித்தால் வயிறு வைக்கும் என்று அம்மம்மா கொடுக்க விடுகிறா இல்லை, எழும்பவும் விடுகிறா இல்லை.

அம்மம்மாவோடு சண்டை வேண்டாம், சரக்குக் கறி தாராளமாக வைக்கட்டும். ஆனால் பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரை தாயின் இரத்தம் இலேசில் உறையும். அதோடு வயிற்றில் காயமும் சேர்ந்து, இந்த வெயிலில் தண்ணீரும் இல்லாமல் படுத்திருந்தால் ஆபத்து. வோட்டில் சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்பதும் இதற்காகத்தான். கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு அம்மம்மா மாட்டேன் என்று சொல்லமாட்டா.

கிளிநொச்சி: 2009இல் ஷெல் பட்டு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனது. இப்போது ஹேர்னியா ஒப்பரேசன். மற்றக் காலுக்கு இறுக்கமான ஸ்டொக்கிங் வாங்கச் சொல்கிறார்கள்.

நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். காலை அளந்து போட வேண்டிய சாமான் அது, விளிம்பு சுருண்டால் காலை இறுக்கிவிடும். இரத்தோட்டம் குறைந்த காலுக்குப் போடவே கூடாது. சீனி வருத்தத்தால் கால் எடுத்தவர்களுக்கு அந்தப் பயம் கூட, ஷெல்லில் இழந்தவர்களுக்குக் குறைவு. என்றாலும் டொக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் விசயத்தில் நான் யோசிப்பது வேறு. தையல் நோவென்று செயற்கைக் காலைப் பூட்டாமல் விட்டால் நடையே நின்றுவிடும். ஊன்றுகோலையும் கையோடு வோட்டுக்குக் கொண்டுபோங்கள். படுத்திருக்கும் நேரத்தில் மற்றப் பாதத்தை, தையல் மெஷின் மிதிப்பதுபோல், அடிக்கடி மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைத் தசை இறுகும்போதுதான் காலில் தேங்கும் இரத்தம் மேலே ஏறும்.

நெடுங்கேணி: வீட்டில் அஸ்பிரின் இருக்கிறது. முன்னெச்சரிக்கைக்குப் போடலாமா?

டொக்டர் எழுதாமல் வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே போடுபவர்கள் தாங்களாக நிற்பாட்டவும் வேண்டாம். இரத்தம் உறைவதைக் கூட்டக்கூடிய குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும் பெண்கள் ஒப்பரேசன் திகதி கிடைத்தவுடன் அதைச் சொல்லுங்கள். பெரிய ஒப்பரேசன் என்றால் நாலு கிழமைக்கு முன்பே வேறு முறைக்கு மாற்றிவிடுவார்கள்.