பழைய ஃபோர்டு செடானை ஹாட் ராடாக்குவது: கேட்டவையும் சொன்னவையும்

கலிஃபோர்னியாவில் என் வீட்டு கராஜில் 1930 ஃபோர்டு மாடல் ஏ டூடர் ஒன்றை எட்டு வருடம் வைத்து ஹாட் ராடாக, அதாவது பழைய காரை வெட்டி மாற்றி, பலமான எஞ்சின் வைத்த வேக வண்டியாகக் கட்டி, போன வருடம்தான் ரோட்டில் இறக்கினேன். டூடர் என்றால் இரண்டு கதவு செடான். நாலு கதவு என்றால் ஃபோர்டோர். ஃபோர்டு கம்பெனியே வைத்த பெயர்கள்தான். வண்டியைப் பார்த்தவர்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, தொண்ணூறு வயதுக் காரை வெட்டிக் கூறு போடுவது பாவம் இல்லையா?

முழுசாக, சொந்த எஞ்சினோடு ஓடுகிற வண்டி என்றால் பாவம்தான். அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் மாடல் ஏ மொத்தம் சுமார் 48 லட்சம் செய்தார்கள். எஞ்சின் இல்லாமல், தரை இல்லாமல், கொட்டகையில் வெறும் கூடாகக் கிடப்பவை இன்னும் உண்டு. எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான், உள்ளே ஒரு எலிக் குடும்பத்தோடு.

ஹாட் ராட் பிறந்ததே கையில் காசில்லாத பையன்களிடம். 1930களில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே முராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்குப் பழைய ஃபோர்டுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் தட்டிக்கொட்டி, எவன் வண்டி வேகம் என்று பார்ப்பார்கள். 1937-ல் அந்த கிளப்புகள் சேர்ந்துதான் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது.

கேள்வி: 1933 ஷெவர்லே நாலு கதவு செடான் ஒன்று மலிவாக வருகிறது. ஃபோர்டை விடப் பாதி விலை. வாங்கலாமா?

கதவைத் திறந்து, கைப்பிடிப் பக்கம் தூக்கிப் பாருங்கள். ஆடினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் செடான்களில் வெளியே தெரிவது மட்டும்தான் தகரம். உள்ளே எலும்புக்கூடு மரம். கதவுச் சட்டம், தூண், கூரைச் சட்டம் எல்லாம் மரத்தில் செய்து, அதன்மேல் தகரத்தை ஆணி அடித்துப் போர்த்தியிருப்பார்கள். தொண்ணூறு வருட ஈரத்தில் மரம் மக்கிப் போயிருந்தால் தகரத்துக்குப் பிடிமானமே இருக்காது. தச்சு வேலை தெரிந்தவர் என்றால் மரத்தைப் புதிதாகச் செய்யலாம். இல்லை, உள்ளே இரும்புச் சதுரக் குழாய் வைத்துப் புது எலும்புக்கூடு வெல்ட் செய்யலாம். இரண்டுமே மாதக் கணக்கில் இழுக்கும். பாதி விலை அதற்குத்தான்.

மாடல் ஏ டூடர் பெரும்பாலும் இரும்பு. ஃபோர்டோர்களில் மரம் அதிகம், அதனால் ஃபோர்டு என்றாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நாலு கதவு என்றாலே இங்கே கொஞ்சம் இளக்காரம் உண்டு. கதவு கூடக் கூட விலை குறையும். எனக்கு அந்த இளக்காரம் கிடையாது. குழந்தைகளோடு போக நாலு கதவு போல வராது.

கேள்வி: எஞ்சின் எது? ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட்டா, ஷெவி (ஷெவர்லே) 350 கன அங்குல வி8-ஆ?

மாடல் ஏ-யின் சொந்த எஞ்சின் நாலு சிலிண்டர், 40 குதிரைத் திறன். 1932-ல் ஃபோர்டு 221 கன அங்குல ஃபிளாட்ஹெட் வி8-ஐ (எட்டு சிலிண்டர், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கும்) 65 குதிரைத் திறனோடு, சாதாரண ஆள் வாங்கும் விலையில் கொண்டு வந்தது. ஹாட் ராட் உலகம் அதன் தலையில்தான் எழும்பியது. பார்க்க அதைப் போல அழகான எஞ்சின் இல்லை, சத்தமும் தனி. ஆனால் அதில் எக்ஸாஸ்ட் போகும் வழி பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தைத் தாண்டிப் போகிறது. எரிந்த காற்றின் சூடு முழுக்க ரேடியேட்டர் தலையில் விழும். வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவதும் சகஜம். வாங்குவதற்கு முன் மெஷின் ஷாப்பில் கொடுத்து காந்தப் பொடிச் சோதனை செய்யாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

350 என்றால் மூலைக் கடையில்கூட உதிரி பாகம் கிடைக்கும். பழசு விரும்பிகள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு சிக்கல், சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஷெவியில் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. மாடல் ஏ-யில் அது நேராக ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகடு) போய் முட்டும், அங்கே குழிவாக வெட்டித் தகடு வைக்க வேண்டும். ஃபோர்டின் 302 கன அங்குல வி8-ல் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கிறது, ஆனால் ஆயில் பேனின் குழி முன்பக்கம் தொங்கி கிராஸ்மெம்பரில் (சேஸின் குறுக்குச் சட்டம்) இடிக்கும். ஒன்று இடிக்காவிட்டால் இன்னொன்று இடிக்கும். நான் 350-தான் போட்டேன்.

கேள்வி: பழைய சேஸிலேயே வி8 வைக்கலாமா?

அப்படியே வைக்கக் கூடாது. மாடல் ஏ சேஸ் மெல்லிய சி வடிவச் சட்டம், நாற்பது குதிரைக்குச் செய்தது. திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்ட் செய்து பெட்டியாக்க வேண்டும், நடுவில் கிராஸ்மெம்பர் சேர்க்க வேண்டும். வெல்டிங்கைத் துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி வைக்கவும். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். காசிருப்பவர்கள் 1932 ஃபோர்டு மாதிரிச் சேஸ் வாங்கி அதன்மேல் மாடல் ஏ பாடியை உட்கார வைப்பார்கள். அது உறுதியானது, பக்கவாட்டில் அழகான வளைவும் உண்டு.

பின் ஆக்சிலுக்கு ‘ஃபோர்டு 9 அங்குலம்’ (உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் விட்டம்தான் பெயர்). வேறு யோசிக்க வேண்டாம்.

கேள்வி: சார், பிரேக் பற்றி யாருமே விவரமாகச் சொல்வதில்லையே?

குரோமில் பளபளக்காதே, அதனால்தான். முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான். மாடல் ஏ-யில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு, ஆனால் எல்லாம் கம்பி இழுத்துப் பிடிப்பது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1939-ல்தான் மாறியது. பழைய முறையில் கட்டுகிறவர்கள் 1939 முதல் 1948 வரை வந்த ஃபோர்டு டிரம்களை எடுத்துப் போடுவார்கள். நான் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது) போட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் நாள் வண்டியை வீட்டு வாசல் சரிவில் பின்பக்கமாக இறக்கினேன். பெடல் நேராகத் தரைக்குப் போனது. இரண்டாம் மிதியில்தான் பிடித்தது, அதற்குள் எதிர்வீட்டு ரோஜாச் செடி போய்விட்டது. எண்ணெய் கசிவு எதுவும் இல்லை. காரணம், இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரை விடத் தாழ்வாக இருக்கிறது. காலை எடுத்ததும் எண்ணெய் மெல்ல பின்னோக்கி வடிந்துவிடும். அதைத் தடுக்க லைனில் சின்ன வால்வு வைக்க வேண்டும். டிஸ்க் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு), டிரம் லைனுக்கு 10 பி.எஸ்.ஐ. இரண்டையும் வாங்கி வைத்திருந்தேன். டிஸ்க் லைன் வால்வை மாட்ட மறந்து, அது டப்பாவிலேயே கிடந்தது. மாற்றி மாட்டிவிடவும் கூடாது, டிஸ்க்கில் 10 போட்டால் பிரேக் உரசிக்கொண்டே ஓடும்.

கேள்வி: கூரையைத் தாழ்த்துவது எவ்வளவு கஷ்டம்?

இதைச் ‘சாப்’ என்பார்கள். தூண்களை வெட்டி, மூன்று நாலு அங்குலம் எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்குவது. தூண் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு தலைவலி. சாய்ந்த தூணை வெட்டி இறக்கினால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் நேருக்கு நேர் வராது. கூரையைக் குறுக்கே வெட்டி நீட்ட வேண்டும், இல்லையென்றால் தூணை இன்னும் சாய்க்க வேண்டும். 1949-க்குப் பிந்தைய உருண்ட செடான்களில் அது பெரிய வேலை. மாடல் ஏ-யில் தூண்கள் ஏறக்குறைய நட்டுக்குத்தாக நிற்பதால், முதல் முறை வெட்டுபவருக்கு இதுதான் தோதான வண்டி.

வெட்டுவதற்கு முன் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் குழாய் வெல்ட் செய்து பாடியை அசையாமல் கட்டுங்கள். கதவு மாட்டியபடியே இருக்கட்டும், இடைவெளி சரியா என்று ஒவ்வொரு வெட்டுக்கும் பார்க்கலாம். கண்ணாடி தட்டையானது, நல்லவேளை. லேமினேட் கண்ணாடியை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். டெம்பர் செய்ததை வெட்டினால் அரிசி போல உதிரும்.

டூடர் கூரையின் நடுவில் இரும்பே கிடையாது. மரச் சட்டம், கோழிக்கூட்டுக் கம்பிவலை, பஞ்சு, மேலே ரெக்சின் போன்ற துணி. அந்த ஓட்டையை மூடப் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றின் கூரையிலிருந்து தகடு வெட்டி எடுத்தேன். அதிலிருக்கும் லேசான வளைவு அப்படியே பொருந்தும்.

மணல் பீச்சித் துரு எடுக்கக் கொடுக்கும்போது, தட்டையான தகடுகளில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் முன்னால் இருப்பது உண்மையா?

உண்மை. டாஷ்போர்டுக்கு முன்னால், ஏறக்குறைய உங்கள் முழங்காலுக்கு மேலே. பம்ப் இல்லாமல் தானாகக் கீழே வழிவதற்காக அப்படி வைத்தார்கள். முதல் வேலையாகப் பின்னுக்கு மாற்றுங்கள். அப்புறம், சீட் பெல்ட்டைத் தரையில் மாட்டாதீர்கள். அந்தத் தரை பலகை. சேஸோடு சேர்ந்த இரும்பில்தான் பெல்ட்டின் பிடி இருக்க வேண்டும்.

கேள்வி: கறுப்பு பிரைமரோடு விட்டால் நன்றாக இருக்கிறதே, பெயிண்ட் வேண்டுமா?

சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு நடக்கும். அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்றால் எபாக்சி பிரைமர் அடித்து, மேலே பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட்.

கேள்வி: பதிவு செய்வதில் சிக்கல் உண்டா? இதையே கோயம்புத்தூருக்குக் கொண்டு போய் ஓட்டலாமா?

மாடல் ஏ-க்கு எஞ்சின் எண்தான் வண்டி எண். அதே எண் சேஸின் இடது சட்டத்தின் மேலும் பொறித்திருக்கும், ஆனால் பாடிக்கு அடியில் மறைந்திருக்கும். பாடியைத் தூக்கும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். எஞ்சினைத் தூக்கிப் போட்டபின் காகிதத்தோடு பொருந்த மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இந்தியாவில் கஷ்டம். 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதி, 50 வயது தாண்டி, சேஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்கும் வண்டிக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவும் இப்படி மாற்றிக் கட்டுவதை அனுமதிக்காது. ஊரில் மாடல் ஏ வைத்திருப்பவர்கள் அதை அப்படியே பாதுகாப்பதுதான் நல்லது.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாச்சு அண்ணே?

கணக்கு எழுதிய நோட்டை மூன்றாம் வருடமே தூக்கிப் போட்டுவிட்டேன். வீட்டில் யார் கண்ணிலாவது படும் என்ற பயம்.

குறைக்க ஒரு வழி சொல்கிறேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன் வண்டி முழுவதையும், வயரிங், ரேடியேட்டர், சீட் உட்பட, வெறும் தகரமாகவே பூட்டி ஓட்டிப் பாருங்கள். நான் அவசரப்பட்டுச் சேஸுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். பிறகு எக்ஸாஸ்ட் பிடிக்கு இடம் விடவில்லை என்று தெரிந்து, பெயிண்ட் மேலேயே வெல்ட் வைத்தேன். வலது பக்கம் குனிந்து பார்த்தால் கருகிய இடம் தெரியும். கண்காட்சிகளில் அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டித்தான் நிறுத்துகிறேன்.