பாயிண்ட்டில் நின்றுபோகும் சின்ன என்ஜின்

கேள்வி: ஹெச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் பாதை அமைத்திருக்கிறேன். பாதை பிரியும் இடங்களில் இருப்பவை, ஃபிராக் (உள்தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவப் பகுதி) உட்பட முழுதும் உலோகமான பாயிண்ட்டுகள். தண்டவாளத்துக்குத் துரு நிறம் பூசி, ஜல்லி தூவி ஒட்டிய பிறகு, சிறிய ஷன்டிங் என்ஜின் மட்டும் பாயிண்ட்டின் மேல் வந்ததும் நின்றுவிடுகிறது. பாயிண்ட்டைப் பெயர்க்காமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். அதற்குமுன் ஒரு சோதனை. என்ஜின் நின்ற இடத்திலேயே இருக்கட்டும். பாயிண்ட்டின் நாக்கு (பாதையை மாற்ற நகரும் கூரிய தண்டவாளத் துண்டு) சாய்ந்திருக்கும் பக்கத்தில், ஒரு பல்குச்சியால் அதைத் தண்டவாளத்தோடு அழுத்துங்கள். என்ஜின் சட்டென்று கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டது.

வாங்கியபடியே பொருத்தியிருந்தால், நாக்கு தொடும் அந்த ஓரிடம் வழியாகத்தான் ஃபிராக்குக்கு மின்சாரம் போகிறது. அங்கே துளி பெயின்ட்டோ பசையோ படிந்தால் போதும், நாக்கும் ஃபிராக்கும் செத்துவிடும். நீளமான என்ஜின் செத்த இடத்துக்கு அப்பாலும் இப்பாலும் சக்கரம் ஊன்றிக் கடந்துவிடும். சிறியதன் சக்கரங்கள் முழுதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. துடைத்தால் ஓடும், ஆனால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபிராக்குக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. வலப்பக்கம் பிரியும் பாயிண்ட்டில், வண்டி நேராகப் போகும்போது ஃபிராக் வலது தண்டவாளத்தின் பாகம். பிரிந்து போகும்போது அதே ஃபிராக் இடது தண்டவாளத்தின் பாகம். மாடிப்படி விளக்குக்குப் போடுவார்களே, அந்த டூ-வே சுவிட்ச்சின் வேலைதான் இங்கே வேண்டும்: நடு முனை ஃபிராக்குக்கு, ஓர முனைகள் ஆளுக்கொரு வெளித்தண்டவாளத்துக்கு.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபிராக்குக்கும் நாக்குகளுக்கும் நடுவே உள்ள இரண்டு தண்டவாளங்களையும் மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் அறுங்கள். வெட்டில் பிளாஸ்டிக் துண்டு செருகி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வெயில் காலத்தில் தண்டவாளம் நீண்டு வெட்டு மூடிக்கொள்ளும். ஃபிராக்குக்கு அப்பால் போகும் இரண்டு உள்தண்டவாளங்களில் பிளாஸ்டிக் இணைப்பு இல்லையென்றால் அங்கேயும் அறுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு மல்டிமீட்டரால் நாக்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பு அற்றுவிட்டனவா என்று பாருங்கள். அடியில் இணைப்புக் கம்பி ஒளிந்திருக்கக்கூடும். அற்றிருந்தால் ஒவ்வொரு நாக்கையும் அதை ஒட்டிய வெளித்தண்டவாளத்தோடு ஒயரால் இணையுங்கள். சால்டரிங் சட்டென்று முடிய வேண்டும், பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடும்.

சுவிட்ச்சைத் தனியாக வைக்காதீர்கள். பாயிண்ட்டைத் திருப்பிவிட்டு சுவிட்ச்சை மறப்பது மனித இயல்பு. பலகைக்கு அடியில் ஒரு ஸ்லைடு சுவிட்ச்சைப் பொருத்தி, அதைத் தள்ளும் கம்பியே நாக்கையும் நகர்த்தும்படி செய்யுங்கள். பாயிண்ட்டைத் திருப்பும் டார்ட்டாய்ஸ் மோட்டாரில் இதற்கான சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் ஓட்டுவது டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) என்றால், ஷார்ட்டை உணர்ந்து தானாக மாற்றும் ஃபிராக் ஜூசர் போதும். சாதாரண டிசியில் அது உதவாது.

என்ஜின் ஃபிராக்கைத் தொட்டதும் ஷார்ட் ஆனால் பதற வேண்டாம். ஓர முனை ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒரு பாயிண்ட்டை முடித்து ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததில் டிஸ்க்கை வையுங்கள்.