தலையில் எதையும் வைக்கவிடாத குட்டித் தேனீ

இரண்டு வயது மகன் தலையில் எதை வைத்தாலும் பிடுங்கி எறிகிறான், டொராண்டோ குளிரில் ஹாலோவீனுக்கு இருவருக்கும் பொருத்தமான வேஷம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவன் தேனீ, நீங்கள் தேனீ வளர்ப்பவர். இதுதான் சுலபம்.

ஒரு சைஸ் பெரிய மஞ்சள் ஹூடி வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் போடலாம். கறுப்பு ஃபெல்ட்டை 2 அங்குலப் பட்டைகளாக வெட்டி, அதே அளவு இடைவெளி விட்டுத் தையுங்கள். ஜிப் வைத்த ஹூடியாக இருக்கட்டும். தலைவழியாக இழுத்துப் போடுவதென்றால் துணி விரியும், ஃபெல்ட் விரியாது, தையல் அறுந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அக்ரிலிக் ஃபெல்ட் உருகி ஒட்டிக்கொள்ளும்.

உணர்கொம்புகளை ஹூடியின் தலைமூடியிலேயே தைத்துவிடுங்கள். தள்ளிவிட்டாலும் முதுகில் தொங்கும், தொலையாது. கம்பி வேண்டாம், பஞ்சடைத்த கறுப்புக் காலுறை நுனி போதும். சிறகுக்கு வெல்க்ரோ. கார் சீட்டில் சிறகையும் தடித்த ஜாக்கெட்டையும் கழற்றிவிடுங்கள், அடியில் புடைப்பு இருந்தால் பெல்ட் இறுகியதுபோல் தெரியும், இறுகியிருக்காது.

உங்களுக்கு வெள்ளைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, ஒன்றரை மீட்டர் வலைத்துணி. முகத்துக்கு முன் கறுப்பு வலைதான். வெள்ளை வலை வெளிச்சம் பட்டால் பளிச்சிட்டுப் பார்வையை மறைக்கும்; நிஜ தேனீ வளர்ப்பவர்களின் முகவலையும் அதனால்தான் பெரும்பாலும் கறுப்பு. வாசற்படி ஏறும்போது வலையைத் தூக்கித் தொப்பிமேல் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் வைத்திருக்கும் பூசணி விளக்குக்குள் இருப்பது நிஜ மெழுகுவர்த்தி என்றால் நைலான் வலை சட்டென்று பற்றும்.

மிட்டாய் வாளியில் ‘தேன்’ என்று எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.