செம்பனைத் தோட்ட ரயில் பாதையைக் கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரில் அமைக்க, சாதாரணத் தண்டவாளத்தைச் சுருக்கிப் போட்டால் போதுமா?

போதாது. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் 'கேஜ்'. உலகின் பொது அளவு 1435 மி.மீ.; மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் பாதை 1000 மி.மீ. தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றிய சிறு ரயில் பாதைகள் அதைவிடக் குறுகியவை. காரணம் எளிது: குறுகிய பாதை இறுக்கமாக வளையும், மண்வேலை குறைவு, இலேசான தண்டவாளமே தாங்கும். லயத்துச் சந்தில் லோரி திரும்பாது, மோட்டார் சைக்கிள் திரும்பிவிடும் அல்லவா, அதுபோல.

ஓப்பன் ரயில்ஸ் போன்ற இலவசச் சிமுலேட்டரில் வண்டி ஓடுவது பாதையின் நடுக்கோட்டில். கண்ணுக்குத் தெரியும் தண்டவாளம் வெறும் உருவம்தான். அதனால் குறுகிய பாதைக்கென்றே செய்த உருவங்களை எடுங்கள். மற்றவர் செய்ததென்றால், மறுபடி வெளியிட அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் நிலம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதிலும் ரேடார் தரவு செம்பனை ஓலையின் உயரத்தையும் ஓரளவு சேர்த்தே அளந்திருக்கும். அப்படியே பாதையைப் போட்டால் சமதரையிலும் ரயில் மேடு பள்ளம் ஏறும். முதலில் தரையைச் சமன் செய்து, பிறகு பாதை, கடைசியாக மரம்: சுமார் 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண வரிசையில்.

கேஜ் பாதியானால் எஞ்சினும் பாதியாகும் என்பது தவறு. ஓட்டுநர் அதே ஆள்தான், எனவே வண்டி தண்டவாளத்துக்கு வெளியே நன்றாகவே நீட்டிக்கொண்டிருக்கும்.