எடுத்து வரும் அஞ்சலில் எஸ்.பி.எஃப். தோல்வி ஏன்?

கேள்வி: எங்கள் நிறுவன டொமைனில் உள்ள அஞ்சல்பெட்டிக்கு வருபவற்றை பாப்3 முறையில் (ஓர் அஞ்சல்பெட்டியில் உள்ளவற்றை வேறிடத்துக்கு இறக்கிக்கொள்ளும் வழி) என் தனிப்பட்ட கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். வங்கி அனுப்பும் உண்மையான அஞ்சல்கள்கூட அங்கே ஸ்பாமில் விழுகின்றன. ஹெட்டரில் (அஞ்சல் வந்த வழியையும் சோதனை முடிவுகளையும் காட்டும் பகுதி) எஸ்.பி.எஃப்., அதாவது அனுப்பிய சர்வருக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் சோதனை, ஃபெயில் என்று இருக்கிறது. எங்கள் எஸ்.பி.எஃப். பதிவில் எதையாவது சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் டொமைனின் எஸ்.பி.எஃப். பதிவு, உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது; வங்கியின் அஞ்சலைச் சோதிக்கும்போது பார்க்கப்படுவது வங்கியின் பதிவு. தேவையில்லாமல் உங்கள் பதிவை நீட்டிக்கொண்டே போனால், ஒரு சோதனைக்கு அதிகபட்சம் 10 டி.என்.எஸ். (டொமைன் விவரங்கள் உள்ள பதிவேடு) தேடல்கள் என்ற வரம்பு மீறப்பட்டு, நீங்கள் அனுப்பும் அஞ்சல்களுக்கும் சிக்கல் வரும்.

அஞ்சலை ஒப்படைக்க வந்த சர்வரின் ஐ.பி. முகவரியை வைத்தே எஸ்.பி.எஃப். முடிவுசெய்கிறது. ஆகவே, வங்கியின் சர்வர் உங்கள் நிறுவன சர்வரோடு தொடர்புகொண்ட அந்த ஓர் இடத்தில்தான் இச்சோதனைக்குப் பொருள் உண்டு. பிற்பாடு பாப்3 வழியாக எடுக்கும் கணக்கு அந்தத் தொடர்பைக் கண்டதில்லை. அது சோதிக்க முற்பட்டால், ஹெட்டரின் ரிசீவ்டு (Received) வரிகளிலிருந்து முகவரியை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இடையில் ஸ்பாம் வடிகட்டும் சர்வர் ஒன்று இருந்தால், அதன் முகவரியையே அனுப்பியவருடையதாகக் கொண்டு தோல்வி என்று எழுதிவிடக்கூடும். எனவே ஹெட்டரில் உங்கள் நிறுவன சர்வரின் பெயரோடு தொடங்கும் ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ் (Authentication-Results) வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே எஸ்.பி.எஃப். பாஸ் என்று இருந்தால், பிந்தைய தோல்வி தவறான இடத்தில் செய்த சோதனையின் விளைவே.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது டிகிம், அதாவது அனுப்பும் டொமைன் அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றி. அது ஐ.பி. முகவரியைச் சார்ந்ததன்று, அஞ்சலின் உள்ளடக்கத்தோடும் ஹெட்டரின் சில வரிகளோடும் பிணைந்தது என்பதால், எத்தனை சர்வர்களைக் கடந்தாலும் செல்லும். எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்று தேறி, அதன் டொமைன் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்தினாலே டிமார்க் (அனுப்புநர் முகவரியின் டொமைன் போலியா என்று பார்க்கும் சோதனை) தேறிவிடும். ஆனால் நிறுவன சர்வர் அஞ்சலின் தலைப்பின் (சப்ஜெக்ட்) முன்னால் எச்சரிக்கைச் சொல்லைச் சேர்த்தாலோ, அடியில் 'வைரஸ் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரியை ஒட்டினாலோ கையொப்பம் பெரும்பாலும் முறிந்துவிடும். இந்தச் சேர்க்கைகளை நிறுத்தும்படி உங்கள் சர்வர் நிர்வாகியிடம் வலியுறுத்திக் கேளுங்கள். பெரும்பாலும் இதுவே முழுத் தீர்வு.

பாப்3-ஐ விட்டு ஃபார்வர்டு முறைக்கு மாறலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். அதில் எஸ்.ஆர்.எஸ். என்ற முறை மூலம் உறை முகவரியை (சர்வர்கள் தமக்குள் பரிமாறும் அனுப்புநர் முகவரி) மாற்றினால் எஸ்.பி.எஃப். தேறும், ஆனால் டொமைன் பொருந்தாது. அங்கேயும் டிகிம்தான் காப்பாற்ற வேண்டும். முந்தைய சோதனை முடிவுகளை முத்திரையிட்டுக் கொண்டுசெல்லும் ஏ.ஆர்.சி. என்ற முறை 2019-இல் ஆர்.எஃப்.சி. 8617 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது என்றாலும், அதை நம்புவதா என்பது பெறும் சர்வரின் விருப்பம்.

வங்கியின் முகவரிக்கு 'ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்று ஃபில்டர் போடுவதை மட்டும் தவிருங்கள். அதே முகவரியைப் போலியாக இட்டு வரும் மோசடி அஞ்சலும் அவ்வழியே இன்பாக்ஸுக்கு வந்துவிடும். நிர்வாகி ஒத்துழைக்காவிட்டால், நிறுவன அஞ்சல்பெட்டியை ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) மூலம் உங்கள் கைபேசிச் செயலியில் தனிக் கணக்காகவே சேர்த்துப் படியுங்கள்.