ரிங் கரைந்தால் கழற்றிய தட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: "மிஸ், எங்கட இவருக்குக் குடலில் ஒப்பரேஷன் செய்து நாலு மாதமாகுது. வயிற்றில் வலப்பக்கம் இலியோஸ்டமி, அதாவது மலம் போகச் சிறுகுடலை வெளியே எடுத்து வைத்திருக்கு. பேக் ஒட்ட முதல் சுற்றிவர ஒரு ரிங் வைக்கச் சொன்னார்கள். அது இரண்டாம் நாளே கரைந்து பசை பசையாய்ப் போய்விடுது. ஒரு பக்கம் தோல் சிவந்து எரியுது என்கிறார். வயலுக்கும் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார். ரிங் விலை கூடின சாமான். பழைய சரக்கைத் தந்துவிட்டார்களா? ஒன்றுக்கு இரண்டாக வைக்கலாமா? இந்த வெயிலுக்குப் பிரிட்ஜில் வைக்கட்டா?" (களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்:

தங்கச்சி, முதலில் கடைக்காரர் மேலுள்ள கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ரிங் கரைவது பழுதல்ல, கரையும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். எத்தனை நாளில், எந்தப் பக்கம், எவ்வளவு அகலத்துக்குக் கரைந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் "நாலு மாதம்" என்றும் "ஒரு பக்கம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பையைத் தோலில் ஒட்டிப் பிடிக்கும் தட்டில் வெட்டும் ஓட்டையின் அளவில்தான் எனக்குச் சந்தேகம்.

ரிங் என்பது பெக்டின், ஜெலட்டின், செல்லுலோஸ் மாதிரியான ஈரம் உறிஞ்சும் பொருட்களை ஒட்டும் பசையோடு சேர்த்துச் செய்த வளையம். வயிற்றுக்கு வெளியே தெரியும் குடல் வாயைத்தான் ஸ்டோமா என்கிறோம். ஸ்டோமாவின் அடிக்கும் தட்டின் ஓட்டைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். மலம் அந்த வழியால் தோலுக்குப் போகாமல் தடுப்பதுதான் இதன் வேலை. ஈரம் பட்டதும் பலூடாவில் போடும் கசகசா மாதிரி ஊதி, வெள்ளையாகி, கூழாகிவிடும். ஊதும்போதுதான் இடைவெளியை இறுக்கி அடைக்கிறது. சில வகை ரிங் ஸ்டோமாவைச் சுற்றிக் கழுத்துப்பட்டி போல எழும்பி நிற்கும், சில வகை எழும்பாமல் உள்விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மலத்தோடு போய்விடும். இரண்டும் சரியான நடத்தைதான். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு கிழமை நின்ற ரிங் உங்கள் கணவருக்கு நிற்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பெருங்குடலை வெளியே எடுத்து வைக்கும் இடப்பக்கக் கொலொஸ்டமியில் மலம் இறுகி வரும், அப்படிப்பட்ட பலருக்கு ரிங்கே தேவைப்படாது. இலியோஸ்டமியில் வருவது சிறுகுடலின் தண்ணிப் பதமான மலம், சமிபாட்டு நொதிகளும் அதில் கலந்திருக்கும். அது ரிங்கையும் கரைக்கும், தோலையும் அரிக்கும். இலியோஸ்டமிக்காரர் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை தட்டு மாற்றுவது வழக்கம்தான். இரண்டாம் நாளே முழுதாகப் போவதுதான் யோசிக்க வேண்டியது.

சரி, அந்த நாலு மாதத்துக்கு வருவோம். ஒப்பரேஷன் முடிந்த கையோடு ஸ்டோமா வீங்கித்தான் இருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் வற்றிச் சுருங்கிவிடும். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது ஒரு மட்டம் வெட்டித் தந்திருப்பார்கள். பல வீடுகளில் அந்த மட்டத்தை வைத்தே மாதக்கணக்காக வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்டோமா சிறுத்துவிட்டது, ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போது தட்டு மூட வேண்டிய இடமெல்லாம் ரிங்கின் தலையில் விழுகிறது. ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் மலத்தில் பட வேண்டிய ரிங், விரலகலத்துக்கு நனைகிறது. பிறகு எந்தக் கம்பனி ரிங்கும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

இன்றைக்கே அளந்து பாருங்கள். அளவு அட்டை இல்லாவிட்டால் சுத்தமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை ஸ்டோமாவின் மேல் பிடித்து, அதன் அடி தோலைத் தொடும் கோட்டைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். தலைப்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள். தட்டின் ஓட்டை அந்தக் கோட்டைவிட இரண்டு, மூன்று மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக இருந்தால் போதும். மிச்ச இடைவெளியை ரிங் பார்த்துக்கொள்ளும். அதன் உள்விளிம்பு ஸ்டோமாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்டோமாவில் வலி உணரும் நரம்பு இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் வாயை மூடும்படி மேலே ஏறக் கூடாது.

வரைந்த கோடு நீள்வட்டமாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குடலைத் துண்டிக்காமல் வளைவாக வெளியே எடுத்து வைத்த ஸ்டோமா பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதற்கு வட்டமாக வெட்டினால் இரண்டு பக்கத்தில் தோல் வெளியே தெரியும். வட்ட ரிங்கை நீள்வட்டமாக்கக் கையால் பிடித்து இழுப்பது அடுத்த பிழை. இழுத்த இடம் மெலியும், மெலிந்த இடம்தான் முதலில் கரையும். பெருவிரலால் உள்விளிம்பை மெதுவாக அமத்தி, சுற்றிச் சுற்றி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு இடத்தில் வெட்டித் திறந்து, ஸ்டோமாவைச் சுற்றி வைத்து, நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அமத்திவிட்டாலும் சரி.

அடுத்தது அந்த "ஒரு பக்கம்". இதற்குக் கழற்றிய தட்டுத்தான் சாட்சி. கழற்ற முதல், தட்டின் விளிம்பில் தலைப்பக்கமாக ஒரு பேனாப் புள்ளி வையுங்கள். மேலிருந்து கீழாக, மற்றக் கையால் தோலை அமத்திப் பிடித்தபடி கழற்றி, குப்பையில் போடாமல் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். திருப்பினால் இடம் வலமாகிவிடும், அதை மறக்க வேண்டாம். ஓட்டையைச் சுற்றி ஒரே அளவில் ஒடுக்கமான வெள்ளை விளிம்பு தெரிந்தால் எல்லாம் சரி, ரிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. சுற்றிவர அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றும் நாளை ஒரு நாள் முந்திக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் மட்டும் வெளிப்பக்கமாக வாய்க்கால் வெட்டினாற்போல ஒரு தடம் ஓடி, தோலில் சிவந்த இடமும் அதற்கு நேராக இருந்தால், மலம் போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அந்தத் தடம் பெரும்பாலும் வயிற்றில் ஒரு மடிப்பு விழும் இடமாக இருக்கும். கட்டிலில் படுக்கவைத்து ஒட்டும்போது மடிப்புத் தெரியாது. வயற்காரருக்கு நாள் முழுக்கக் குனிவதும் வரம்பில் குந்துவதும்தானே வேலை. தட்டு இல்லாத நேரத்தில் அவரைக் கதிரையில் இருத்தி, அப்புறம் குனியச் சொல்லிப் பாருங்கள். எங்கே பள்ளம் விழுகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். முழு ரிங் வைத்த பிறகு, இன்னொரு ரிங்கிலிருந்து சிறு துண்டு வெட்டி உருட்டி அந்தப் பள்ளத்தில் மட்டும் வைத்து, விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வெட்டியதில் மிஞ்சியதைக் காற்றுப் புகாத சிறு பையில் வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும்.

இரண்டு முழு ரிங்கை அடுக்குவது வேறு விஷயம், அதை வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்டோமா தோல் மட்டத்திலேயே தாழ்ந்திருந்தால், ஊதிய ரிங் அதன் வாயைவிட உயர்ந்து நிற்கும். மலம் பைக்குள் விழாமல் ரிங்கின் அடியால் புகும். காசும் இரண்டு மடங்கு, கசிவும் இரண்டு மடங்கு. தாழ்ந்த ஸ்டோமாவுக்கு உட்பக்கம் குவிந்த தட்டு இருக்கிறது. அதை நீங்களாக வாங்காமல் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள், தோலை அழுத்தும் சாமான் என்பதால் பார்த்துத்தான் தர வேண்டும்.

பிரிட்ஜ் தேவையில்லை. குளிரில் ரிங் விறைத்துவிடும், வெளியே எடுத்ததும் மேலே ஈரம் படியும், இரண்டுமே ஒட்டுவதற்கு எதிரி. அதற்காகத் தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரியின் மேல் தட்டிலும் வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த இடம் அடுப்படியைவிடச் சூடு. அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லது. மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு திரிவதும் கூடாது. குளிர் நாட்டுக்காரருக்காக எழுதிய குறிப்பில் ரிங்கைக் கைக்குள் வைத்துச் சூடாக்கச் சொல்லியிருக்கும். நம் ஊரில் மத்தியானத்தில் அப்படிச் செய்தால் விரலில்தான் ஒட்டும். விடிய, பிளேன்ரீ குடிக்க முதலே மாற்றுங்கள். வெறுவயிற்றில் ஸ்டோமா அவ்வளவாக வேலை செய்யாது, ரிங்கும் பதமாக இருக்கும். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் இரண்டொரு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். சூடாக்குவது அந்த இடத்தில்தான் உதவும். பிறகு அரை மணித்தியாலம் குனியாமல் இருக்கட்டும்.

வியர்வையையும் ரிங்கையும் போட்டுக் குழப்பக் கூடாது. ரிங் நடுவில் நன்றாக இருக்க, தட்டின் வெளிவிளிம்பு மட்டும் சுருண்டு கிளம்பினால் அது வியர்வை, அல்லது சாரக்கட்டு. சாரத்தின் முடிச்சு நேராகத் தட்டின் விளிம்பில் உரசுவதைப் பல ஆண்களிடம் பார்த்திருக்கிறேன். முடிச்சை மேலேயோ மற்றப் பக்கமோ மாற்றிக் கட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கழற்றிய பிறகு தோலில் ஒட்டிக் கிடக்கும் கூழைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் இன்னும் வழுக்கும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், மிச்சத்தை விரலால் உருட்டினால் வந்துவிடும். அதன் பிறகுதான் இளஞ்சூட்டுத் தண்ணீர். விடாப்பிடியாக நிற்கும் மெல்லிய படலத்துக்காகத் தோலைச் சுரண்ட வேண்டாம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டெற்றோல் எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. எண்ணெய் பட்ட தோலில் எதுவும் ஒட்டாது, மற்ற இரண்டும் புண்ணாக்கும். தோல் கசிந்து ஈரமாக இருந்தால் மட்டும் ஸ்டோமாப் பவுடர் கொஞ்சம் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் வேறு, அது உதவாது. ரிங்குக்குப் பதிலாகப் பேஸ்ட் தந்தால், பல பேஸ்ட்டில் மதுசாரம் இருக்கும், புண்ணான தோலில் சுள்ளென்று எரியும். இவருக்கு இப்போதைக்கு ரிங்தான் நல்லது.

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து வாசகர்கள் சிலர் இதிலுள்ள ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று கேட்பதுண்டு. அது விலங்கிலிருந்து எடுப்பதுதான். ஜெலட்டின் சேராத தயாரிப்புகளும் இருப்பதால் வாங்கும் இடத்திலேயே விசாரியுங்கள். மார்க்க விளக்கம் தேவையானால் உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியால் மட்டும் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

மலம் தண்ணியாகப் போகிற நாட்களில் எந்த ரிங்கும் சீக்கிரம் கரையும். சோறு, கஞ்சி, வாழைப்பழம் கொஞ்சம் இறுக்கிக் கொடுக்கும். வெயிலில் நின்றுவிட்டு வெறும் தண்ணீராகக் குடிப்பது இவருக்குப் போதாது, உப்பும் சேர்ந்து போகிறது. இளநீரிலும் உப்பு குறைவு, அதனால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த ORS தூள்) கரைத்துக் குடிப்பதுதான் கணக்கு. சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகி, தலையும் சுற்றினால் ரிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். ஸ்டோமா சிவப்பு மாறிக் கறுத்தாலும், பல மணித்தியாலம் ஒன்றுமே வராமல் வயிறு ஊதி வலித்தாலும் அப்படித்தான்.

தட்டுக்கு அடியில் அரித்தாலோ எரிந்தாலோ அன்றைக்கே கழற்றிப் பாருங்கள். "இன்னும் ஒரு நாள் போகட்டும், ரிங் விலை கூட" என்று மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்கிறார்கள். அந்த ஒரு நாளில் புண்ணாகும் தோல் ஆற எத்தனையோ நாள் எடுக்கும், அதுவரை எத்தனையோ ரிங்கும் வீணாகும். ஓட்டையைச் சரியாக வெட்டி இரண்டு, மூன்று தடவை மாற்றிய பிறகும் சிவப்புக் குறையாவிட்டாலோ, சிவப்பைச் சுற்றிச் சிறு சிறு பருக்கள் தனித்தனியாகத் தெரிந்து அரித்தாலோ, தட்டு இருந்த வடிவத்திலேயே முழுதாகச் சிவந்தாலோ கிளினிக்குக்கு வாருங்கள். பருக்கள் பங்கசுத் தொற்றாக இருக்கலாம், தட்டின் வடிவில் சிவந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. உங்களுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ எது வசதியோ, ஒப்பரேஷன் செய்த இடத்துச் சத்திரசிகிச்சை கிளினிக்தான் முதல் வாசல்.

வரும்போது கடைசியாகக் கழற்றிய தட்டை, பேனாப் புள்ளியோடு, ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். அது கூச்சமென்றால் கழற்றிய உடனே தட்டின் பின்பக்கத்தையும் தோலையும் போனில் படம் எடுத்து வாருங்கள். புது ரிங் ஒன்றும் மறக்காமல் கையில் இருக்கட்டும், அங்கேயே தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டிவரும்.